வாசல் தரையில் விடாக்கறையா? ஆசிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்

புது வீட்டுக்குக் குடிவந்த பிறகு வந்த முதல் தீபாவளி. பிள்ளைகள் வாசலில் பாம்பு மாத்திரை கொளுத்திய இடங்களில் ஏழெட்டுக் கரிய வட்டங்கள் விழுந்துவிட்டன. துடைப்பம், சோப்புத் தூள், தேங்காய் நார் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. கடையில் கேட்டதற்கு ஒரே பதில்தான்: "ஆசிட் ஊற்றுங்கள்." ஊற்றினேன். புசுபுசுவென்று நுரைத்தது. கறை கரைகிறது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. உண்மையில் கரைந்தது கல். மறுநாள் தரை காய்ந்ததும் பார்த்தால், கரிய வட்டங்கள் மங்கலாக அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி, தரையில் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்த திட்டு. கல்லுக்கு பாலிஷ் போடுகிறவரை அழைத்துக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கழுவினால் போகாது சார். கல் அரித்துப்போயிருக்கிறது" என்றார். கறைக்குச் செலவு பத்து ரூபாய் ஆசிட். அதைச் சரிசெய்ய மெஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்ற ஆன செலவை இங்கே எழுதுவதாக இல்லை.

வீட்டு வாசல், முற்றம், கார் நிறுத்துமிடம், துவைக்கும் கல்லைச் சுற்றியுள்ள தளம் ஆகியவற்றில் படியும் கறைகளை முதன்முறையாக எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தத் தரை, என்ன கறை என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

முதலில் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வீடுகளின் வெளித்தளம் பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஆந்திரத்தின் கடப்பா பகுதியிலிருந்து வரும் கருங்கல் போன்ற கடப்பாக்கல். ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்து வரும் பச்சையும் சாம்பலும் கலந்த கோட்டா கல். இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. அடுத்தது சிமெண்டுத் தரையும் பேவர் பிளாக்கும். பிறகு கிரானைட். பழைய வீடானால் தட்டோடு, செங்கல் தளம், திண்ணையில் காவி போட்ட சிவப்புச் சிமெண்டு.

சோதித்துப் பார்ப்பது எளிது. யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், துளசி மாடத்துக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். நுரைத்தாலோ, துடைத்த பிறகு அந்த இடம் பளபளப்பு போய் மங்கித் தெரிந்தாலோ அந்தத் தரைக்கு அமிலம் ஆகாது. கடப்பா, கோட்டா, பளிங்கு மூன்றும் இப்படித்தான் நடந்துகொள்ளும். சிமெண்டும் பேவர் பிளாக்கும் மெல்லவே எதிர்வினை காட்டும். ஆனாலும் அமிலம் அவற்றையும் அரிக்கும். உண்மையான கிரானைட் அசையாது. கடைக்காரர் கிரானைட் என்று சொல்லிக் கொடுத்ததை நம்புவதைவிட அந்த ஒரு சொட்டை நம்பலாம்.

அதே மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் அது துளையுள்ள தரை. கறை ஆழமாக இறங்கியிருக்கும், ஒரே நாளில் வராது. முத்துப்போல நின்றால் கறை மேலாகத்தான் இருக்கும்.

பிறகு கறை

கருப்பாக இருப்பதெல்லாம் ஒரே கறை அல்ல. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் பாசி. தண்ணீர் தெளித்தால் அந்த இடம் மட்டும் நனையாமல் தண்ணீர் உருண்டு ஓடினால் எண்ணெய். இரண்டும் இல்லையென்றால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து ஒரு சொட்டு வைத்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். நிறம் வெளுத்தால் அது இலை, பழம், பாசி போன்ற உயிர்ப்பொருள் கறை. துளியும் மாறாவிட்டால் கரி அல்லது துரு. என் பாம்பு மாத்திரை வட்டம் கரி. கரி எந்த அமிலத்திலும் கரையாது. இந்தச் சோதனையை அன்றைக்குச் செய்திருந்தால் என் வாசல் தப்பித்திருக்கும்.

கைக்கு வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரு பிளாஸ்டிக் வாளி, கெட்டியான நார் பிரஷ், பழைய பருத்தித் துணி, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவு போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் நுண்ணிய துகள்கள் கல்லின் துளைகளில் தங்கி, அடுத்த மழையில் துருப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும்.

பொருள்களில் பாத்திரம் கழுவும் திரவம், சலவைச் சோடா, சமையல் சோடா, பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலத் தூள்) ஆகிய ஐந்து இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கறைக்கு வழி உண்டு. பாட்டில் ஆசிட் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, வாங்குகிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்யாமல் ஆசிட்டைச் சில்லறையில் விற்கக் கூடாது. கழிவறைக்கென்று பாட்டிலில் வரும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கழிவறைப் பீங்கான் அதைத் தாங்கும்; உங்கள் வாசல் தாங்காது.

உயிர் போகிற விஷயம் ஒன்று: பிளீச்சிங் பவுடரையும் எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள். எலுமிச்சை உப்பும் வினிகரும்கூட அமிலம்தான். சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். இன்றைக்கு பிளீச்சிங் போட்டால், நன்றாகக் கழுவிவிட்டு, அமில வேலையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் பிளீச்சிங் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

பலர் மறக்கும் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் வாசல் தண்ணீர் பல வீடுகளில் நேராக மழைநீர்க் குழிக்கோ பழைய கிணற்றுக்கோ போகிறது. வேலையைத் தொடங்குமுன் அந்தத் துளையை ஈரச் சாக்கு வைத்து அடையுங்கள். சோடாவும் பிளீச்சிங்கும் கலந்த தண்ணீரை வாரி வடிகாலில் ஊற்றிவிட்டுக் கடைசியாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு சாக்கை எடுங்கள். நீங்கள் குடிக்கும் போர் தண்ணீர் அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வெயில் ஏறிய தரையில் எதையும் ஊற்றாதீர்கள். ஊற்றியது நிமிடத்தில் காய்ந்து, அதுவே புதுக் கறையாகும். காலை ஏழு மணிக்கு முன் அல்லது சாயங்காலம்.

பாசி

ஐப்பசி, கார்த்திகை மழையில் வடக்குப் பார்த்த வாசலில், மாடிப்படிக்குக் கீழே, ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் பாசி பிடிக்காத வீடு இல்லை. அழுக்காகத் தெரிவது பெரிதல்ல. பெரியவர்கள் வழுக்கி விழுவதுதான் கவலை.

முதலில் காயவிடுங்கள். ஈரப் பாசியைத் தேய்த்தால் குழம்பாகிப் பரவும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பாசியை வெறும் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தாலே பாதி செதிலாக உதிரும். அதைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுத் தள்ளினால் பக்கத்து இடுக்கில் போய் முளைக்கும்.

அடுத்து, 5 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மண்டி தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். கலக்கியபடியே ஊற்றுகிறவர்களின் வாசலில் மறுநாள் வெள்ளைப் படலம் இருக்கும். பாசி போய்ச் சுண்ணாம்பு வந்த கதை. தெளிந்த நீரைத் தரை நனையும்படி தெளித்து 15 நிமிடம் விட்டு, பிரஷால் தேய்த்து, தாராளமாகக் கழுவுங்கள். ஓரத்துச் செடிகளின் மண்ணை முன்னதாகவே நன்றாக நனைத்து, இலைகள்மேல் ஒரு சாக்கையோ துணியையோ போர்த்திவிடுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தெறித்த இடமெல்லாம் துணி வெளுத்துவிடும்.

பச்சை போய்க் கருப்புச் சாயல் கொஞ்சம் மிஞ்சும். அது செத்த பாசி. அடுத்த சில வாரங்களின் வெயிலும் துடைப்பமும் அதைக் கவனித்துக்கொள்ளும். உடனே போகவில்லை என்று பிளீச்சிங் அளவைக் கூட்டாதீர்கள்.

பாசி திரும்பி வராமல் இருக்க மருந்து இல்லை, வெயில்தான். மேலே கவிந்திருக்கும் கிளையை வெட்டுங்கள், ஏசி குழாயைச் செடித் தொட்டிப் பக்கம் திருப்புங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். இவற்றைச் செய்யாமல் வருடா வருடம் பிளீச்சிங் வாங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

எண்ணெயும் பற்றும்

தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடுவதில்லையா, கல்லுக்கும் அதே வைத்தியம்தான். துளைக்குள் இறங்கிய எண்ணெயை எவ்வளவு தேய்த்தாலும் பிரஷ் எட்டாது. கரைக்கும் பொருளைத் தூளோடு குழைத்து மேலே பூசினால், ஈரம் உள்ளே இறங்கி எண்ணெயைக் கரைக்கும். பற்று காயக் காய அந்த ஈரம் கரைந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு தூளுக்கு ஏறும். கறை எடுக்கும் வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வண்டி எண்ணெய் இப்போதுதான் சொட்டியதென்றால் துடைக்காதீர்கள். துடைத்தால் உள்ளங்கை அளவு கறை முழ அளவாகும். பழைய செய்தித்தாளை மேலே போட்டு ஒற்றி எடுங்கள். பிறகு மரத்தூள், தவிடு, காய்ந்த மணல், சலித்த அடுப்புச் சாம்பல், கோலமாவு, எது கைக்கு வருகிறதோ அதைத் தூவிச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டுக் கூட்டுங்கள். புதுக் கறைக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

பழைய கறையானால் பற்று. உள்ளங்கை அகலக் கறைக்கு அரைக் கிண்ணம் சமையல் சோடா அல்லது சுண்ணக்கட்டித் தூள், இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், தோசை மாவைவிடக் கெட்டியாக வரும் அளவு வெந்நீர். முதலில் கறையை வெந்நீரால் நனைத்துச் சோப்புப் போட்டு ஒருமுறை தேய்த்துவிடுங்கள். பிறகு பற்றை அரை அங்குலக் கனத்தில், கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பூசுங்கள். மேலே பால் கவரை வெட்டிப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். ஒரு நாள் கழித்து கவரை எடுத்துவிட்டு, பற்றைத் தானாகக் காயவிடுங்கள். இந்தக் காய்தல்தான் வேலை. ஈரமாக இருக்கும்போதே பொறுமையிழந்து கழுவினால் வெளியே வந்த எண்ணெயை நீங்களே மீண்டும் உள்ளே அனுப்புகிறீர்கள். வெடித்து, விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும் பற்றை மரத் துண்டால் சுரண்டிப் பாருங்கள்: அடிப்பக்கம் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பைப் பார்க்கும்போது வரும் திருப்தி தனி. மூன்று முறையாவது போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பழுப்பு குறைந்துகொண்டே வரும்.

கார்த்திகை அகல் விளக்கின் எண்ணெய் வட்டம் வேறு சாதி. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவை சலவைச் சோடாவும் வெந்நீரும் சேர்ந்தால் ஓரளவு சோப்பாகவே மாறிக் கரையும்; வண்டி எண்ணெய் அப்படி மாறாது. ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா போட்டு, ஊற்றி, கால் மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரியும். நல்லெண்ணெய் நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசினாக இறுகும் என்பதால், கார்த்திகைக் கறையைப் பொங்கல் சுத்தம் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வருடம் அகலுக்கு அடியில் ஒரு வாழையிலைத் துண்டோ தட்டோ வைத்தால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது வழக்கத்தில் இருக்கிறது. கறையை இளக்கும், ஆனால் அகலப்படுத்தி இன்னும் ஆழத்துக்கு அனுப்பும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

பாம்பு மாத்திரைக் கரிக்கும் பற்றுத்தான். முதலில் தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷால் கரியைத் தட்டி எடுத்துவிட்டு, சலவைச் சோடாவும் சோப்புத் திரவமும் சேர்த்த பற்றைப் போடுங்கள். முழுவதும் வராவிட்டாலும் சாம்பல் நிறத்துக்குக் குறையும். கரிமேல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தேய்ப்பது அதை மைபோலக் கல்லுக்குள் செலுத்துவதுதான்.

துரு

தீபாவளியிலிருந்தே தொடர்கிறேன். கம்பி மத்தாப்பின் மருந்தில் இரும்புத் தூள் இருக்கிறது. எரிந்த கம்பியை வாசலில் போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த வாரமே வடகிழக்கு மழை. கம்பியைப் பொறுக்கிய பிறகும் தரையில் செம்பழுப்புக் கோடு ஒன்று, கம்பியின் நீளத்துக்கே, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல நிற்கும். பூந்தொட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு வட்டம் போடும். இரும்புக் கேட்டுக்குக் கீழே ஒரு பட்டை. இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் என்றால் குழாயடி முழுவதும்.

துருவுக்கு பிளீச்சிங் போடவே போடாதீர்கள். குளோரின் இரும்பை மேலும் துருப்பிடிக்கச் செய்து நிறத்தை அழுத்தமாக்கும்.

கிரானைட்டில் வேலை சுலபம். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, துணியை நனைத்துக் கறைமேல் போட்டு அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

சிமெண்டுக்கும் பேவர் பிளாக்குக்கும் அதே கரைசல்தான். ஆனால் நேரம் ஐந்து நிமிடம் மட்டும். தரையை முதலில் நல்ல தண்ணீரால் நனைத்துவிடுங்கள். துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் அமிலம் ஆழமாக இறங்காது. தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பிடி சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் மிச்ச அமிலமும் அடங்கும். சிவப்பு, மஞ்சள் பேவர் பிளாக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிறமே பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் உறவுக்காரன். கறையை விரட்டும்போது நிறமும் கொஞ்சம் வெளிறலாம். காவித் திண்ணைக்கும் இது பொருந்தும்.

கடப்பாவிலும் கோட்டாவிலும் துரு விழுந்தால்தான் சங்கடம். எலுமிச்சை உப்புக் கரைசலில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தடவையும் நுரைக்கும். நுரைப்பது முற்றிலும் நின்றதும் நிறுத்துங்கள். இப்போது அது அமிலம் இல்லை, சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. கல்லை அரிக்கும் வேகம் போய்விட்டது; இரும்பைப் பிடித்துக்கொள்ளும் குணம் மட்டும் மிச்சம். அதைச் சுண்ணக்கட்டித் தூளோடு குழைத்துப் பற்றாகப் போடுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும்; நான்கைந்து முறை ஆகலாம், லேசான சாயல் தங்கியும் விடலாம். ஆக்ஸாலிக் ஆசிட் என்று ஹார்டுவேர் கடையில் தருவார்கள். மொசைக் தரைக்குக் கடைசி மெருகேற்ற பாலிஷ்காரர்கள் பயன்படுத்துவது அதைத்தான், துருவையும் நன்றாக எடுக்கும். ஆனால் அது நஞ்சு. சிறு பிள்ளைகளும் நாயும் நடமாடும் வாசலில் புதியவர்கள் அதைக் கையாள வேண்டாம் என்பது என் கருத்து.

மஞ்சள், வெற்றிலை, நாவல், இலை

ஆரத்தித் தண்ணீர் வாசலில் விழுந்த சிவப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்தவர்களுக்குத் தெரியும், அது இன்னும் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததால்தானே ஆரத்தி சிவந்தது? சோப்பும் சோடாவும் சுண்ணாம்பைப் போலவே காரம். மஞ்சளை அவையும் சிவக்கவைக்கும். எனவே வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு வெயிலுக்கு விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, சில நாளில் தானே வெளிறும்.

வெற்றிலை எச்சில் சிவப்புக்கும் நாவல் பழ ஊதாவுக்கும் பிளீச்சிங் பவுடரின் தெளிந்த நீரே நல்லது. பழைய பருத்தித் துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டினாற்போல் போட்டு 15 நிமிடம் வையுங்கள். படியின் செங்குத்துப் பக்கத்தில்கூடத் துணி ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் வெளிறும்.

பாதாம் மர இலை ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால், இலையின் நரம்புவரை அச்சு எடுத்ததுபோலப் பழுப்பு உருவம் தரையில் நிற்கும். அழகாகத்தான் இருக்கும், அது உங்கள் வாசலாக இல்லாதவரை. இலையின் துவர்ப்புச் சத்துதான் காரணம். வெயிலும் மழையும் சில வாரங்களில் அதை மங்கவைக்கும். அவசரமென்றால் பிளீச்சிங் துணி. ஆனால் அந்த இலை இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் கறை பழுப்பாக இராது, மைக் கருப்பாக இருக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். கடுக்காயில் அந்தக் காலத்தில் மை செய்தது இப்படித்தான். அந்தக் கறையை பிளீச்சிங் முழுதாக எடுக்காது. துருவுக்குச் சொன்ன வைத்தியத்தைச் செய்யுங்கள்.

வெள்ளைப் பூத்தால்

புதிதாகப் போட்ட பேவர் பிளாக்கில் வெள்ளைப் படலம் வந்தால் ஒப்பந்தக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உள்ளே கரையும் உப்பு, காய்ந்ததும் திரும்பி வரும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கூட்டி அள்ளுங்கள். சில மாதங்களில் தானே ஓய்ந்துவிடும். வருடக் கணக்கில் ஓயவில்லையென்றால் அடியில் எங்கோ ஈரம் ஏறுகிறது. குழாய்க் கசிவைத் தேடுங்கள்.

வண்ணக் கோலப் பொடிக்கும் இதே ஒழுங்கு: முதலில் துடைப்பம், பிறகுதான் தண்ணீர். பொங்கல் கோலத்தின்மேல் அப்படியே வாளித் தண்ணீரை வீசினால் பச்சையும் நீலமும் பேவர் பிளாக்கின் துளைக்குள் போய் அடுத்த பொங்கல்வரை இருக்கும். காய்ந்த சிமெண்டுத் துளியைப் பட்டித் தகட்டால் படுக்கைவாட்டில் நெம்புங்கள். சுவர் பெயிண்ட் துளியை வெந்நீர்த் துணியில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். எனாமல் என்றால் தின்னர் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

பிரஷர் வாஷர் பற்றி

கார் கழுவ வாங்கியதை வைத்து வாசலையும் அடித்துவிடலாம் என்று தோன்றும். பாசிக்கும் மண்ணுக்கும் நன்று. எண்ணெய்க்கும் துருவுக்கும் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. விசிறிபோல விரியும் முனையைப் போட்டு, தரையிலிருந்து ஓரடி தள்ளிப் பிடியுங்கள். ஊசிமுனையாகப் பாய்ச்சினால் தட்டோட்டின் மேல்தோலே பெயர்ந்து வரும். பேவர் பிளாக் இடுக்குகளிலுள்ள மணலை அது வாரிக்கொண்டு போய்விடும். தரை காய்ந்த பிறகு நுண்மணலைத் தூவிக் கூட்டி இடுக்குகளை நிரப்பாவிட்டால், கார் ஏறி இறங்கும்போது கற்கள் ஆடத் தொடங்கும். முதலில் வாஷர் வாங்கி, பிறகு ஆடும் கல்லுக்குக் கொத்தனாரைத் தேடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர்.

எதுவும் பலிக்காத ஒரு கறை எல்லா வீட்டிலும் இருக்கும். தரை பேவர் பிளாக்காக இருந்து, மணல் படுக்கையில் பதித்ததாகவும் இருந்தால், கடைசி வழி ஒன்று உண்டு: கல்லையே இடம் மாற்றுவது. இடுக்கு மணலை ஆணியால் கீறி எடுத்து, இரண்டு ஸ்க்ரூடிரைவர்களை எதிரெதிர்ப் பக்கத்தில் செருகி மெல்ல ஆட்டினால் கல் மேலே வரும். முதல் கல் உயிரை எடுக்கும், அடுத்தவை எளிது. கவிழ்த்துப் போடலாமே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கற்களில் நிறமும் சரித்த விளிம்பும் மேல்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். யாரும் பார்க்காத மூலையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து இங்கே பதித்து, கறைக் கல்லை அங்கே வைத்து, இடுக்கில் மணல் நிரப்பி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் வண்டி எண்ணெய் குடித்த ஆறு கற்கள் இப்போது துளசி மாடத்துக்குப் பின்னால், எலுமிச்சைச் சாற்றுச் சொட்டின் பக்கத்தில் இருக்கின்றன.